லைனில் இன்னொருத்தி

பொழுது சாய்கிற நேரம்... ஏழு மணிக்கு இன்னும் கொஞ்சம் இருக்கும். கோலா சாவாவைத் தாண்டி ரந்தாவ் போகிற சாலையில் இடப்பக்கமாக ஒரு செம்மண் பாதை பிரியும். முன்பு ரப்பர் மரக் கித்தாக் காடு, இப்போது இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. வெயில் அடிக்கும்போதே உள்ளே இருட்டுத்தான். எதிரே வண்டி வராது, பின்னாலும் வராது. பாதை முடிகிற இடத்தில் ஒரே ஒரு பலகை வீடு. தோட்டம் நடந்த காலத்தில் அது கிராணி வீடு, தோட்டத்துக் கணக்குப்பிள்ளை இருந்த வீடு.

கிட்ட வந்து உட்காருங்கள். கரண்ட் வர நேரமாகும் போலிருக்கிறது.

நம்ம சேவியர் இருக்கிறானே, பகாவ் பஸ் நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருப்பவன்... அவனுடைய பெரியம்மா எல்சிக்கு நடந்தது இது. போன வருஷம், தொண்ணூற்றெட்டில். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கதை இன்டர்நெட்டில் தொடங்குகிறது. பேய்க்கு எதற்கு இன்டர்நெட் என்று சேவியரையும் எல்லாரும் கிண்டல் செய்தார்கள். அவன் சிரிக்கவில்லை. கையிலிருந்த தேத்தண்ணி ஆறிப்போகும்வரை பேசிவிட்டு, விளக்கை அணைக்காமலே படுத்தான்.

எல்சி கோபக்காரி. அதை மறைத்துச் சொல்லி ஒன்றும் ஆகப்போவதில்லை. கோழி கத்தினால் கோழியைத் திட்டுவாள், கத்தாவிட்டால் ஏன் கத்தவில்லை என்று திட்டுவாள். அந்தக் காலத்தில் சிரம்பான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். காதில் மாட்டிக்கொண்டு சுவிட்ச் போர்டு முன்னால் உட்கார்ந்து, யார் போனை எடுத்தாலும் "நம்பர், பிளீஸ்" என்பாள். கேட்கிற இடத்துக்குக் கம்பியைச் செருகி இணைப்பாள். அப்புறம் எல்லாம் ஆட்டோமேட்டிக் ஆனது. ஆபரேட்டர்களுக்கு ஆளுக்கொரு கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கடிகாரத்தை அவள் ஒருநாளும் கட்டியதில்லை.

புருஷன் ஆம்புரோஸ் போர்டிக்சனில் எண்ணெய் ஆலை ஷிப்ட்டு. நல்ல மனுஷன், எதைச் சொன்னாலும் "பாப்போம்லா" என்பார். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது அந்தக் கிராணி வீட்டை வாங்கினார்கள். ஒரே மகள் அகதா. தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். மருமகன் ஜார்ஜ் அயர்லாந்தில் படிக்கிறான், பரீட்சை முடியாமல் வர முடியாது.

அகதாவுக்குப் பிரஷர். கால் வீங்கி, முகம் வீங்கி... சிரம்பான் டாக்டர் எல்சியைத் தனியாகக் கூப்பிட்டு, "பொண்ணு அழக் கூடாது, பயப்படக் கூடாது, பிரஷர் இன்னும் ஏறினா தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து" என்று சொல்லி அனுப்பினார். அன்று வெளியே வந்து படிக்கட்டில் நின்றபோது எல்சி யாரையும் திட்டவில்லை. வாழ்க்கையில் அவள் பயந்தது அந்த ஒரு தடவைதான் என்று சேவியர் சொல்கிறான்.

அகதாவை அழாமல் வைத்திருந்தது அந்தக் கம்ப்யூட்டர். ஜார்ஜுக்கு மத்தியானச் சாப்பாட்டு வேளை, இங்கே பொழுது சாயும் வேளை. போன் கம்பியை மோடம் பெட்டியில் மாட்டினால் அது கீச்சென்று கத்தி, கரகரவென்று இருமி, பிறகு அடங்கும். அடங்கியதும் இருவரும் எழுத்திலே பேசிக்கொள்வார்கள். அவன் அங்கே தட்டுவது இங்கே வரும். அகதா சிரிப்பாள். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "ஐயா ஒதைக்கிறாரு" என்று தட்டுவாள்.

அப்புறம் லைன் அறுந்துபோகத் தொடங்கியது.

தினமும் இல்லை. ஒருநாள் நன்றாக இருக்கும், மறுநாள் பாதிப் பேச்சில் போய்விடும். சில நாள் மாட்டின உடனே போகும். ஜார்ஜ் எதையோ முக்கியமாகச் சொல்லிக்கொண்டிருப்பான், 'டாக்டர் என்ன' என்கிற அளவில் திரை அப்படியே நிற்கும். அகதா முதலில் உதட்டைக் கடிப்பாள். பிறகு அழுவாள். எல்சி அவள் கழுத்தில் துடிக்கிற நரம்பைப் பார்ப்பாள்... பார்த்துவிட்டு மோடத்தைத் திட்டுவாள்.

திட்டுவதோடு நிற்கவில்லை. டெலிபோனில் பிழைத்தவள் அல்லவா? மழையாக இருக்கும் என்று முதலில் நினைத்தாள். ஆனால் மழை பெய்த நாளில் லைன் நன்றாக இருந்தது, காய்ந்த நாளில் அறுந்தது. பிரிட்ஜை நிறுத்திப் பார்த்தாள். காற்றாடியை நிறுத்திப் பார்த்தாள். ஆம்புரோசை டிவி பார்க்க விடவில்லை. சுவரில் இருந்த போன் பெட்டியைத் திறந்தால் உள்ளே பல்லி முட்டையிட்டிருந்தது. "கண்டுபுடிச்சிட்டேன்" என்று பல்லியைக் குடும்பத்தோடு வெளியேற்றினாள். அன்றைக்கே இரண்டு தடவை அறுந்தது. மோடத்தை ரந்தாவுக்கு எடுத்துப் போய் வேறு வீட்டு லைனில் மாட்டிப் பார்த்தாள். அங்கே ஒரு குறையும் இல்லை.

அப்படியானால் கோளாறு லைனில். டெலிபோன் ஆபீசுக்குப் போய் அவள் போட்ட சத்தத்தில் மறுநாளே ஆள் வந்தார். இராஜமாணிக்கம் என்று பேர். ஏணியும் சோதனைப் போனுமாகக் கம்பத்துக்குக் கம்பம் ஏறி இறங்கி, வியர்த்து வழிய வீட்டுக்குள் வந்தார்.

"இன்னொரு போன் எங்கே வச்சிருக்கீங்க?"

"இன்னொரு போனா? ஒண்ணுதான் இருக்கு. அதையும் கழட்டி வச்சிருக்கேன்."

"இல்லலா அக்கா. இதே லைன்ல யாரோ இன்னொரு போனைத் தூக்குறாங்க. தூக்கினா மோடம் அறுந்துடும். நான் கம்பத்து மேல இருக்கிறப்பவே தூக்கினாங்க. காதால கேட்டேன்."

"கேட்டீங்கன்னா பேச வேண்டியதுதானே, யாருன்னு?"

இராஜமாணிக்கம் ஏணியைச் சுவரில் சாய்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பிறகு கம்பி போகும் வழியைத் தட்டிக்கொண்டே போய், நடைப் பக்கத்துச் சுவரில் நின்றார். அந்த இடத்தில் பலகையில் இரண்டு திருகாணி ஓட்டை. பழைய காலத்துப் போன் தொங்கிய இடம். ஓட்டை வழியே இழுத்தால், துணி சுற்றிய பழைய கம்பி கொஞ்சம் வந்தது. முனையில் ஒன்றும் இல்லை. அந்தக் கம்பியை வெட்டி எடுத்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். "இனிமே வராது" என்று சொன்னார். எல்சி கொடுத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே மோட்டார் சைக்கிளை எடுத்தார்.

அன்று சாயங்காலம் அகதா மோடத்தை மாட்டினாள். கீச்... கரகர... அடங்கியது. ஜார்ஜ் வந்தான். நல்லபடியாகப் போனது. 'பேர் யோசிச்சியா' என்று கேட்டான். அகதா தட்டத் தொடங்கினாள். போய்விட்டது.

எல்சி போய்ப் போனைச் சுவர்ப் பெட்டியில் மாட்டி, எடுத்துக் காதில் வைத்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். டயல் டோன் இல்லை. லைன் திறந்து கிடந்தது. உள்ளே... டொக். டொக் டொக். நின்றது. மறுபடியும், டொக் டொக் டொக்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, சுவிட்ச் போர்டில் உட்கார்ந்தவளுக்குத் தெரியும். அந்தக் காலத்தில் போனை எடுத்து ஆபரேட்டர் உடனே வராவிட்டால், போன் தொங்கும் கொக்கியை ஆள்காட்டி விரலால் தட்டுவார்கள். போர்டில் அவர்கள் விளக்கு மினுக்கும். 'ஏய், இங்கே பார், நான் காத்திருக்கிறேன்' என்று அர்த்தம். ஆட்டோமேட்டிக் வந்தபிறகு யாரும் அப்படித் தட்டுவதில்லை. தட்டி என்ன, கேட்க ஆள் ஏது?

கம்பி வழியாக வாடை வராது என்று நமக்குத் தெரியும். ஆனால் போனின் வாய்ப் பக்கத்திலிருந்து புளித்த கித்தாப் பால் வாடை வந்தது. எல்சி போனை வைத்தாள். மகளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை, பாதை பிரியும் இடத்தில் சாமான் கடை வைத்திருக்கும் மயிலம்மாளிடம் போனாள். மயிலம்மாள் அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, பால்மரம் வெட்டிப் பால் எடுத்து, தோட்டம் போனபிறகு கடை போட்டவள்.

"அந்த வூட்டுல போனு எங்க தொங்குச்சு, யாரு தொடுவா, எல்லாம் சொல்லு" என்றாள் எல்சி.

மயிலம்மாள் வெங்காயம் நிறுத்துக்கொண்டிருந்தவள், தட்டைக் கீழே வைத்தாள். "தட்டுறாளா?" என்று கேட்டாள்.

எல்சி கிட்டே போனாள். "யாரு?"

"பஞ்சாலை. பால்மரம் வெட்டுனவ. வேற யாரு?"

வெள்ளைக்காரத் துரை இருந்த கடைசிக் காலமாம். கூலிகள் குடியிருந்த லயத்தில் பஞ்சாலையின் மகளுக்குப் பிரசவ வலி. பிள்ளை திரும்பிக்கொண்டது. லயத்து மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். தோட்டத்து ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வரவேண்டும். வண்டி வரத் துரை உத்தரவு வேண்டும். துரை கிளப்பில். போன் இருப்பது இரண்டே இடம், துரை பங்களாவும் கிராணி வீடும். பஞ்சாலை மரம் வெட்டிய கோலத்தோடு கிராணி வீட்டுக்கு ஓடினாள். கிராணி இல்லை. கதவு திறந்திருந்தது. உள்ளே போய், பிறந்ததிலிருந்து தொட்டே பார்க்காத போனை எடுத்து, கிராணி தட்டுவதைப் பார்த்த மாதிரியே தட்டினாள்.

"கொல்லையில கை கழுவிட்டிருந்தான் கிராணி. சத்தம் கேட்டு வந்து, கையிலேர்ந்து புடுங்கி மாட்டிட்டான். கூலிக்காரிக்கு என்னாடி போனுன்னு கேட்டான். அவ கால்ல விழுந்தா. அவன் என்னா செஞ்சான் தெரியுமா? போனைத் தொடச்சான். பினாயில் தொட்டுத் தொடச்சான். அவ பாத்துக்கிட்டே இருக்கா... அங்க லயத்துல மவ கத்திக்கிட்டு இருக்கா... இவன் தொடைக்கிறான்."

மகளும் போனாள், வயிற்றில் இருந்ததும் போனது. பஞ்சாலை அதற்கப்புறம் பேசவில்லை. அந்த வருஷமே அவளும் போய்விட்டாள்.

எல்சி கடை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். பயத்தில் இல்லை. உள்ளங்காலிலிருந்து உச்சிவரை எரிந்தது. அந்தக் கிராணி செத்து எத்தனை வருஷமோ, துரை எந்த ஊரில் புதைந்தானோ, யாரைப் பிடித்து உலுக்குவது? தன் வீட்டு நடையில், தான் தினமும் கடந்து போகும் சுவரில்... அந்த இரண்டு ஓட்டைக்கு முன்னால். "நாசமாப் போறவனுங்க" என்று சத்தமாகச் சொன்னாள். தெருவில் போன சைக்கிள்காரன் திரும்பிப் பார்த்தான்.

சரி, கோபம் ஒரு பக்கம். மகள் பிரஷர் ஒரு பக்கம். அந்த வாரம் அகதாவுக்குத் தலைவலி கூடியது. ஜார்ஜிடம் பேசாமல் தூக்கம் வரவில்லை. லைனோ முன்னைவிட மோசம். பிரசவம் நெருங்க நெருங்க, தட்டுவதும் கூடிக்கொண்டே வந்தது. அகதா கையால் வயிற்றைப் பிடித்தாலே போதும்... டொக் டொக் டொக்.

வெள்ளிக்கிழமை. ஆம்புரோசுக்கு ஷிப்ட்டு. வானம் கறுத்து, காற்றே இல்லாமல் செம்பனை ஓலை அசையாமல் நின்றது. ஜார்ஜ், 'பரீட்சை முடிந்தது, டிக்கெட் போட்டுவிட்டேன், வருகிற தேதி...' என்று தட்டினான். அறுந்தது. அகதா அழவில்லை. அதுதான் எல்சிக்குப் பொறுக்கவில்லை. திரையைப் பார்த்தபடி, "அவரு வரதுக்குள்ள நான் செத்துருவேம்மா" என்று மெதுவாகச் சொன்னாள்.

எல்சி பாய்ந்து போய்ப் போனை எடுத்தாள். டொக் டொக் டொக். டொக் டொக் டொக். காதுக்குள் சுத்தியல் மாதிரி. திட்டத்தான் எடுத்தாள். நெஞ்சு முழுக்கத் திட்டுதான் இருந்தது. ஆனால் அந்தத் தட்டல் கேட்டதும் வாயிலிருந்து வந்தது வேறு. பாதி ஆயுசு சொல்லிப் பழகிய வாய், என்ன செய்வாள்?

"நம்பர், பிளீஸ்."

தட்டல் நின்றது.

மூச்சு வாங்கும் சத்தம். வெகுதூரம் ஓடி வந்தவளின் மூச்சு. அப்புறம் ஒரு குரல்... கரகரத்து, பக்கத்தில்.

"அம்மா... ஆஸ்பத்திரி குடுங்கம்மா. எம் மவளுக்கு முடியலம்மா."

யாராக இருந்தாலும் போனைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். எல்சி போடவில்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது என்று பிற்பாடு சேவியரிடம் சொன்னாள். இத்தனை வருஷமாக இந்தப் பொம்பிளை கேட்டது இவ்வளவுதான். ஒரு லைன்.

"லைன்ல இருங்கம்மா. குடுக்கிறேன்" என்றாள்.

கம்பி இல்லை, போர்டு இல்லை, சும்மா சொன்னாள். சொன்னதும் லைனுக்குள் மணி அடிக்கத் தொடங்கியது. இப்போதைய மணி இல்லை. பழைய மணி, இழுத்து இழுத்து. யாரோ எடுத்தார்கள்.

"ஆஸ்பத்திரி. டிரெசர் பேசுறேன்." தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற ஆள்.

"பிரசவக் கேஸ். வண்டி அனுப்புங்க."

"துரை உத்தரவு இருக்கா?"

அந்தக் கேள்வியில் எல்சிக்கு மண்டை கொதித்தது. "துரைதான்யா லைன்ல சொன்னாரு. சீக்கிரம் அனுப்பு."

"எங்கேர்ந்து பேசுறீங்க?"

இங்கேதான் அவள் கோட்டை விட்டாள். போன் எந்த வீட்டிலிருந்து வருகிறதோ அந்த வீட்டைச் சொல்வதுதான் ஆபரேட்டர் வழக்கம். யாருக்கு நோவு, எங்கே கிடக்கிறாள் என்றெல்லாம் ஆபரேட்டர் சொல்வதில்லை. யோசிக்காமல் சொல்லிவிட்டாள்.

"கிராணி வீடு."

"சரி" என்றது அந்தக் குரல். லைன் போனது.

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. கிராணி வீட்டில் இப்போது இருப்பது யார்? பிரசவத்துக்கு இருப்பது யார்?

திரும்பிப் பார்த்தாள். நாற்காலி காலி. அகதா வாசலில் நின்றாள்... ஆஸ்பத்திரிக்கென்று கட்டி வைத்த துணிப்பை கையில். கண் திறந்திருந்தது, ஆனால் பார்வை இல்லை. "வண்டி வருதும்மா" என்றாள்.

செம்மண் பாதையில் எஞ்சின் சத்தம். கனமான, இருமுகிற, பழைய எஞ்சின். விளக்கு இல்லை. வெள்ளைப் பெட்டி வண்டி ஒன்று ஓலை நிழலுக்குள்ளிருந்து வந்து வாசலில் நின்றது. பினாயில் வாடை அடித்தது. முன்கதவு திறந்து, காக்கி அரைக்கால்சட்டையும் நீளக் காலுறையுமாக ஒரு ஆள் இறங்கினார். முகம் இருந்தது. ஆனால் அவரைப் பற்றிக் கேட்டால், முகத்தை நினைவுபடுத்த முடியவில்லை என்றுதான் எல்சி சொல்வாள்.

"கிராணி வீட்டுப் பிரசவக் கேஸ். எடுத்துட்டு வர உத்தரவு" என்றார். எல்சியைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் நின்ற வயிற்றைத்தான் பார்த்தார்.

அகதா ஒரு படி இறங்கினாள். எல்சி அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். மகளை அவள் கை நீட்டி அடித்ததே கிடையாது. அன்று இழுத்த இழுப்பில் அகதா நடைச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"கேஸ் இங்க இல்ல. லயத்துல. பஞ்சாலை மக. அங்க போங்க" என்றாள் எல்சி.

"லயத்துக்கு வண்டி போக உத்தரவு இல்ல."

கேட்டீர்களா? செத்த பிறகும். மண்ணுக்குள் போய், எலும்பும் மக்கி, துரையும் இல்லை தோட்டமும் இல்லை, அப்போதும் அந்த ஆளுக்கு உத்தரவு வேண்டும். லயத்துக்கு வண்டி போகாது, கிராணி வீட்டுக்கு வரும். சேவியர் இந்த இடத்தைச் சொல்லும்போது மேசையில் குத்தினான்.

எல்சி கத்தவில்லை. கத்தியிருந்தால் மகளைப் பறிகொடுத்திருப்பாள். சிரம்பான் போர்டில் பெரிய பெரிய ஆளிடமெல்லாம் பேசிய அந்தக் குரலை எடுத்தாள். ஐஸ் தண்ணி மாதிரியான குரல்.

"நான் எக்ஸ்சேஞ்ச் பேசுறேன். துரை இப்பத்தான் மறுபடி லைன்ல வந்தாரு. வண்டி லயத்துக்குப் போவணும்னு சொன்னாரு. போவ முடியாதுன்னா உன் பேரைச் சொல்லு. கிளப்புக்கு லைன் போடுறேன், நீயே அவர்கிட்ட சொல்லு."

அந்த ஆள் நின்றார். முதல் தடவையாக அவளைப் பார்த்தார். பார்வையில் இருந்தது பயம். துரை என்றால் எல்லாருக்கும் பயம்தானே... அது மட்டும் சாகவில்லை. வண்டியில் ஏறினார். வண்டி பின்னால் நகர்ந்து, பாதையே இல்லாத இடத்தில் செம்பனைக்குள் நுழைந்தது. லயம் இருந்த பக்கம். கொஞ்ச நேரம் எஞ்சின் சத்தம். அப்புறம் நின்றது. கதவு திறக்கிற சத்தம். ஒரு பொம்பிளை அழுகிற சத்தம், ஓடுகிற சத்தம். கதவு மூடியது. வண்டி கிளம்பி, தூரமாகப் போய், அடங்கியது.

அதன் பிறகுதான் காற்று வந்தது, மழை வந்தது. உள்ளே மோடம் யாரும் தொடாமலே கீச்சென்றது. திரையில் ஜார்ஜ். 'இருக்கியா? அகதா, இருக்கியா?'

அந்த வாரக் கடைசியில் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் அகதாவுக்குப் பெண் குழந்தை. தாயும் நலம், பிள்ளையும் நலம். ஜார்ஜ் வந்து சேர்ந்தான். எல்சி பேத்தியைக் கையில் வாங்கியபோதுகூட யாரையோ திட்டிக்கொண்டிருந்தாளாம், நர்ஸ் துணியைச் சரியாகச் சுற்றவில்லை என்று. வீட்டுக்கு வந்தார்கள். லைன் அறுபடவே இல்லை. இனிமேல் அது முடிந்த கதை என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்கள்.

ஒரு மத்தியானம். வெயில் கொளுத்துகிறது. குழந்தை தொட்டிலில் தூங்குகிறது. போன் அடித்தது. இழுத்து இழுத்து, அந்தப் பழைய மணி. எல்சி எடுத்தாள்.

"எக்ஸ்சேஞ்ச்?" என்றது ஒரு ஆம்பிளைக் குரல். வெள்ளைக்காரன் பேசும் தோட்டத்துத் தமிழ், வார்த்தைக்கு வார்த்தை கடித்துத் துப்புகிற தமிழ். பின்னால் கண்ணாடிக் கிளாஸ் இடிபடும் சத்தம், சிரிப்புச் சத்தம். "என் பேர் சொல்லி லயத்துக்கு வண்டி கொடுத்தது யார்?"

எல்சி அந்த நடையையும் அந்த இரண்டு ஓட்டையையும் பார்த்தாள்.

"நான்தான். எல்சி. மறுபடியும் கேட்டாலும் குடுப்பேன்."

அந்தப் பக்கம் அவசரமே இல்லை. "நல்லது. வண்டி கூப்பிட்டது கிராணி வீடு. கிராணி வீட்டுக்கே திரும்பி வரும்."

வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலத்துக்குள் எல்சி மகளையும் பேத்தியையும் மருமகனையும் பகாவுக்கு, சேவியர் வீட்டுக்கு ஏற்றி அனுப்பிவிட்டாள். அங்கிருந்து அவர்கள் அயர்லாந்து போய்விட்டார்கள். ஆம்புரோசும் போர்டிக்சன் குவார்ட்டர்சுக்கு வா என்று கெஞ்சினார். அவள் போகவில்லை. சேவியரும் போய் நின்று பார்த்தான்.

"பெரியம்மா, வித்துட்டு வந்துருங்க. உங்களுக்கு என்னா வந்துச்சு?"

"வித்தா வாங்குறவன் வூட்டுல பொம்பளப் புள்ள இருக்காதா? அவ வாயும் வயிறுமா படியில எறங்குனா யாருடா தடுக்கிறது? அந்த நாயிங்களுக்கு இந்த வூடு மட்டுந்தான் தெரியும்" என்றாள்.

இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். பொழுது சாயும் நேரம் அந்தப் பக்கம் போனால் பார்க்கலாம். வாசல்படியில் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வணக்கம் சொன்னாலும் திரும்பமாட்டாள். விடிந்து பார்த்தால் வாசல் மணலில் டயர் தடம் இருக்கும், ஒடுக்கமான, பழைய காலத்து டயர். முதலில் வேலிக்கு வெளியே வந்து திரும்பிப் போயிருந்தது. அப்புறம் வேலிக்கு உள்ளே.

போன மாதம் சேவியர் அரிசி மூட்டை கொண்டுபோய்க் கொடுக்கப் போனான். தடம் படிக்கு ஒரு முழம் முன்னால்வரை வந்திருந்ததாம். பெரியம்மா துடைப்பத்தால் அதைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள், திட்டிக்கொண்டே. வண்டியை நிறுத்திவிட்டு அவன் கிட்டப் போகவில்லை. ஏனென்றால் படியில் இன்னொருத்தி உட்கார்ந்திருந்தாள். மரம் வெட்டிய கோலம்... சேலைக்கு மேல் நீளக்கைச் சட்டை, தலையில் கட்டிய துணியில் காய்ந்துபோன கித்தாப் பால். அவனை அவள் பார்க்கவில்லை. பாதையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் ஒரு பச்சைக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.